வீனஸ் ஃபிளைட்ராப்பின் வாய்கள் கறுப்பது ஏன்?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய, பூச்சி தின்னும் வீனஸ் ஃபிளைட்ராப் செடியின் வாய்கள் (பூச்சியைப் பிடிக்கும் இலைப்பொறிகள்) ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கறுத்துவிட்டன. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். வாரம் ஒருமுறை சிறு கோழித்துண்டும் கொடுக்கிறேன். உரம் வைக்கலாமா? – வாசகர், சென்னை

பதில்: உரம் வைத்தால் இருக்கிற வேரும் கருகிவிடும். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், சத்தே இல்லாத ஈரமான அமில மண்ணில் வளரும் செடி இது. அதன் வேருக்கு உப்பு ஆகவே ஆகாது. உங்கள் போர் தண்ணீர்தான் முதல் சந்தேகம்.

தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 50 பிபிஎம்-க்குக் கீழ் காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மழைநீர், டிஸ்டில்டு வாட்டர் இரண்டும் நல்லவை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை அளக்காமல் நம்பாதீர்கள். சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் கருவிகள் உண்டு. கேன் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை.

ஏற்கெனவே உப்பு ஏறிய மண் இனி உதவாது. செடியை எடுத்து வேரை நல்ல தண்ணீரில் அலசி, உரம் கலக்காத பீட் மாஸ் (மக்கிய பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (வெள்ளையான இலேசான கல் மணிகள்) ஒரு பங்கு கலந்து நடுங்கள். காய்ந்த பீட் மாஸ் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது; முந்தைய இரவே ஊறவைத்துவிடுங்கள். கோகோ பீட்டில் (தேங்காய் நார்த்தூள்) பெரும்பாலும் உப்பு இருக்கும், தவிர்த்துவிடலாம். 10–12 செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். அடித்தட்டில் 1 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும்.

கோழி வேண்டாம். வாயின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடிகள் இருக்கும். சுமார் 20 வினாடிக்குள் இருமுறை தொடுகை பட்டால் வாய் மூடும். மூடிய பிறகும் உள்ளே பூச்சி துடித்து முடிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் விளிம்பு இறுகி, செரிமான நீர் சுரக்கும். இறைச்சி துடிக்காது, கிடந்து அழுகும், வாயையும் அழுக வைக்கும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் வாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு உள்ள பூச்சி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. செத்த பூச்சியானால், மூடிய வாயை வெளியிலிருந்து மெதுவாகச் சில நிமிடம் அமுக்கிவிடுங்கள். பால்கனியில் இருக்கும் செடி தானே பிடித்துக்கொள்ளும். விரலை விட்டு விளையாடுவது வீண். ஒரு வாய் சில முறைதான் மூடித் திறக்கும். வயதான வாய் ஒன்றிரண்டு கறுப்பது இயல்புதான். நடுவிலிருந்து புதுத் தளிர் வருகிறதா என்று பாருங்கள். கறுத்த பகுதியை மட்டும் வெட்டுங்கள், பச்சைக் காம்பு இருக்கட்டும்.

வெயில் தினமும் 4–6 மணி நேரம் நேரடியாக விழ வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் மட்டும் போதும். உச்சி வெயிலில் சிறிய தொட்டி கொதித்துப்போகும். பலவீனமான செடி பூந்தண்டு விட்டால் 5 செ.மீ. உயரத்திலேயே கிள்ளிவிடுங்கள்.

சென்னையில் உண்மையான சிக்கல் குளிர் இல்லாததுதான். இச்செடிக்கு ஆண்டுக்கு மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் உறக்கம் (வளர்ச்சி நின்ற ஓய்வு) தேவை. அது கிடைக்காவிட்டால் வருடா வருடம் மெலியும். டிசம்பரில் செடியைப் பிடுங்கி, கறுத்த இலைகளை நீக்கி, ஈரமான (சொட்டாத) ஸ்பாக்னம் பாசியில் வேரைச் சுற்றி, ஜிப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் எடுத்து நட்டு, முதல் வாரம் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குப் பழக்குங்கள். ஃபிரிட்ஜில் செடி வைக்க வீட்டில் சம்மதிக்காவிட்டால், வெப்பம் தாங்கும் நெப்பந்தஸ் (குடுவை வடிவ இலையில் பூச்சி பிடிக்கும் செடி) கலப்பினம் ஒன்றை வாங்குவதே மேல். அதற்குக் குளிர் உறக்கம் தேவையில்லை.