வாசகர் கேள்வி–பதில்: ஒரே பெயரில் மூன்று மோல்ட்கேகள்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது பழைய ஜேர்மன் அரசான பிரசியாவின் இராணுவ அதிகாரி மோல்ட்கேயைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தேன். எந்தப் பிரசியப் படைப்பிரிவையும் தானே போரில் நடத்தாமல், வரைபடத்தையும் ரயில் அட்டவணையையும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் எல்லைகளை மாற்றியவர் என்று. அந்த ஒரு வரிக்கு வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்தமுறை பக்கம் முழுக்க அவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான்.

உயர்தர வரலாற்றில் ஜேர்மனிய ஐக்கியம் படிக்கிறேன். 1870 போரில் ஒரு மோல்ட்கே வருகிறார், 1914இலும் வருகிறார். இணையத்தில் தேடினால் ஹிட்லர் ஆட்சி 1945இல் தூக்கிலிட்ட மோல்ட்கே என்றும் வருகிறது. எல்லாம் ஒரே ஆளா சேர்?
– மாணவன், கிளிநொச்சி

மூன்று பேர், தம்பி. மூவருக்குமே ஹெல்முத் ஃபொன் மோல்ட்கே என்றுதான் பெயர். 1864இல் டென்மார்க், 1866இல் ஒஸ்திரியா, 1870இல் பிரான்ஸ் என்று நடந்த போர்களில் பிரசியத் தலைமைப் பணியகத்தின், அதாவது போருக்குத் திட்டம் போடும் இராணுவ அலுவலகத்தின், தலைவராக இருந்தவர் மூத்தவர். 1800இல் பிறந்து 1891இல் இறந்தார். அவருடைய தம்பி அடொல்ஃபின் மகன்தான் இரண்டாமவர், அதாவது மூத்தவருக்குப் பெறாமகன். 1906 முதல் 1914 வரை பெரியப்பாவின் அதே கதிரையில் இருந்தார். மூன்றாமவர் ஹெல்முத் ஜேம்ஸ், தொழிலால் சட்டத்தரணி, இரண்டாமவரின் அண்ணருடைய பேரன். அப்படிப் பார்த்தால் மூத்தவர் அவருக்குப் பூட்டனாரின் அண்ணர் முறை. பரீட்சையில் பிரசியப் பிரதமர் பிஸ்மார்க்கோடு வந்தால் மூத்தவர், 1914இன் மார்ன் ஆற்றுச் சண்டையோடு வந்தால் பெறாமகன். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூத்த மோல்ட்கே பிரபு குடும்பத்துப் பிள்ளை என்றபடியால்தானே அவ்வளவு உயரத்துக்குப் போனார்? ஏழைப் பிள்ளை என்றால் போயிருப்பாரா?
– ஆசிரியை, முள்ளியவளை

பிரபுப் பட்டம் இருந்தது ரீச்சர், காசு இருக்கவில்லை. ஹெல்முத் பிறந்தது மெக்லன்பேர்க்கில் உள்ள பார்ச்சிம் என்ற சிறிய ஊரில். தகப்பன் டென்மார்க் அரசரின் ஆட்சிப் பகுதியில் வந்து குடியேறிய கொஞ்சக் காலத்திலேயே அவர்களுடைய நாட்டுப்புற வீடு தீப்பிடித்து எரிந்துபோனது, பிறகு 1806இல் நெப்போலியனின் படை லூபெக் நகரத்துக்குள் புகுந்தபோது அங்கேயிருந்த மற்ற வீடும் சூறையாடப்பட்டது, அந்த வீட்டுக்குள் தாயும் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்போது ஹெல்முத்துக்கு ஆறு வயது. வீட்டுக்குள் படை புகுந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமில்லை.

பன்னிரண்டு வயது வாக்கில் கொப்பன்ஹேகனில் உள்ள படைப் பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். 1818இல் டென்மார்க் இராணுவத்தில் சிறிய அதிகாரி. பிறகு 1822இல், சேவைமூப்பு எல்லாம் போனாலும் பரவாயில்லை என்று பிரசியாவுக்கு மாறி அடிமட்டத்தில் இருந்து மீண்டும் தொடங்கினார். 1823 முதல் 1826 வரை பேர்லின் போர்க் கல்லூரியில் படிப்பு. அப்போது அதன் பணிப்பாளராக இருந்தவர் போர்க்கலை பற்றி எழுதிப் புகழ்பெற்ற கிளவ்ஸ்விட்ஸ். படிப்பு முடிந்ததும் நில அளவை வேலை.

சம்பளம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு விஷயம் போதும். தலைமைப் பணியகத்தில் வேலை என்றால் சொந்தக் குதிரை வேண்டும், அதை வாங்கப் பணமில்லை. எட்வர்ட் கிபன் எழுதிய பன்னிரண்டு பாக ரோம வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து ஜேர்மன் மொழிக்குப் பெயர்க்க ஒப்புக்கொண்டார். பகலில் அலுவலகம், மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு என்று பதினெட்டு மாதத்தில் ஒன்பது பாகங்களை முடித்துக் கொடுத்தார். பதிப்பாளரோ புத்தகத்தை வெளியிடவே இல்லை. இவர் கைக்கு வந்தது 25 பவுண் மட்டும்.

1835இல் விடுமுறையில் துருக்கிக்குப் போனவரை சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படையைச் சீர்திருத்தக் கேட்டு மறித்துக்கொண்டார். நாலு வருடம் அங்கேதான். துருக்கி மொழி படித்தார், கொன்ஸ்தாந்திநோபிளை அளந்து வரைபடம் போட்டார். 1839 ஜூனில் நிசிப் என்ற இடத்தில் எகிப்தியப் படை நெருங்கியபோது, பின்வாங்கி அரண் உள்ள இடத்துக்குப் போகலாம் என்று தளபதி ஹாஃபிஸ் பாஷாவிடம் சொல்லிப் பார்த்தார். பாஷா கேட்கவில்லை. படை சிதறி ஓடியது. நாடு திரும்பும்போது இவருக்கு உடம்பும் சரியில்லை, வயதும் நாற்பதை நெருங்கிவிட்டது.

தலைமைப் பணியகத்தின் தலைவராக ஆக்கப்பட்டது 1857இல், ஐம்பத்தேழு வயதில். எங்கள் நாட்டில் பென்சனுக்கு நாள் எண்ணுகிற வயது அது. ஏழைப் பிள்ளை போயிருப்பாரா என்று கேட்டீர்கள். பட்டம் இல்லாதவருக்கு அந்தக் கதவு லேசில் திறந்திராது, அது உண்மை. ஆனால் உள்ளே போன பிறகு அவரை உயர்த்தியது படிப்புத்தான்.

நான் ரயில்வேயில் இருந்தவன். மோல்ட்கே ரயிலை வைத்துப் போர் வென்றார் என்கிறார்கள். ரயில் ஆளை ஏற்றி இறக்கும், அதற்கு மேல் என்ன செய்தார்?
– ஓய்வுபெற்றவர், வவுனியா

ஐயா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. எத்தனை பேரை, எந்த நேரத்தில், எந்த ஸ்ரேசனில் இறக்குவது என்பதுதான் முழு வித்தையும்.

மற்ற அதிகாரிகள் ரயிலை வேடிக்கை பார்த்த காலத்திலேயே இவர் தன் சேமிப்பை பேர்லின்–ஹம்பேர்க் பாதையில் போட்டு, அந்தக் கம்பனியின் பணிப்பாளர் சபையிலும் இருந்தார். பாதையை எதன் வழியாக இழுப்பது என்று 1843இல் ஒரு கட்டுரையே எழுதினார். பிறகு தலைவராக வந்ததும் ரயிலுக்கென்றே பணியகத்தில் ஒரு பிரிவு. 1866இல் பிரசியப் படைகள் ஐந்து பாதைகளால் எல்லைக்கு வந்து இறங்க, ஒஸ்திரியாவின் வடக்குப் படைக்கு இருந்தது ஒரே ஒரு பாதை. 1990இல் யாழ்தேவி நின்றுபோய் 2013இல் மறுபடி கிளிநொச்சி வரும்வரை இந்த மண் எப்படிக் கிடந்தது என்று பார்த்தவர் நீங்கள். ஒரு பாதை இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரயிலால் இறங்கிய பிறகுதான் அடுத்த சிக்கல். முப்பதாயிரம் பேர் கொண்ட ஒரு கோர் (பெரும் படைப்பிரிவு) வண்டிகளோடு ஒரே வீதியில் நடந்தால் தலைப்பகுதி சேர்ந்து ஒரு நாள் கழித்துத்தான் வால்பகுதி வந்து சேரும். ஆகவே படையைப் பிரித்து வெவ்வேறு வீதிகளால் நடக்கவிட்டு, சண்டை நாளில் மட்டும் ஒரே இடத்தில் சேர்த்தார். இரணைமடுத் தண்ணீரைப் பல வாய்க்கால்களில் பிரித்துவிட்டு, கடைமடை வயலுக்கும் சொன்ன நாளில் போய்ச் சேரவைப்பது போன்ற வேலை. ஒரு வாய்க்கால் பிந்தினாலும் பயிர் போச்சு.

1866 ஜூலை 3ஆம் திகதி கோனிக்கிரேட்ஸில் அப்படித்தான் போகப் பார்த்தது. இரண்டு படைகள் காலையிலிருந்து ஒஸ்திரியரோடு மல்லுக்கட்ட, பட்டத்து இளவரசரின் படை வடக்கிலிருந்து வரவேண்டும். தந்தி வேலை செய்யவில்லை. இரவோடு இரவாகக் குதிரையில் கட்டளையை அனுப்பினார், அது விடியப்புறம் நாலு மணிக்குத்தான் இளவரசரிடம் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் வரை ஆளைக் காணவில்லை, அரசருக்கே பதற்றம். அப்போது மோல்ட்கேயிடம் தன் சுருட்டுப் பெட்டியை நீட்டினாராம் பிஸ்மார்க். மனிதர் இரண்டு சுருட்டுகளையும் ஆறுதலாகப் பார்த்து நல்லதாக ஒன்றை எடுத்தாராம்; அதைப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதி வந்தது என்று பிஸ்மார்க்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பின்னேரம் இளவரசரின் படை வந்தது, போர் முடிந்தது. அன்று களத்தில் மோல்ட்கேயின் கட்டளை கைக்கு வந்தபோது ஒரு பிரசிய ஜெனரல், "எல்லாம் சரி, யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நாலு வருடம் கழித்து செடானில் பிரெஞ்சுப் பேரரசரே ஒரு லட்சம் படையினரோடு பிடிபட்டபோது அப்படிக் கேட்க யாரும் இல்லை.

ஆனால் அதே அட்டவணைதான் பெறாமகனின் கழுத்தை இறுக்கியது. 1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி மாலை, பிரான்ஸைத் தாக்காமல் படை முழுவதையும் ரஷ்யா பக்கம் திருப்பு என்று ஜேர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் சொன்னார். லட்சக்கணக்கானவர்களை ஓர் இரவில் திருப்ப முடியாது, வருடக்கணக்கில் போட்ட திட்டம் இது என்று மறுத்தார் இளைய மோல்ட்கே. "உன் பெரியப்பா என்றால் வேறு பதில் சொல்லியிருப்பார்" என்றார் கைசர். அந்த வார்த்தை மனிதரை உடைத்துப்போட்டது. செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் திட்டமும் உடைந்தது, பதவியும் போனது, 1916இல் உயிரும் போனது.

மூத்த மோல்ட்கேக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தார்களா? தங்கையின் மகளையே கட்டினார் என்று எங்கேயோ வாசித்தேன். உண்மையா?
– வாசகி, முல்லைத்தீவு

இரத்த உறவு இல்லை அம்மா. அவருடைய தங்கை அவுகுஸ்தே, ஜோன் பேர்ட் என்ற ஆங்கிலேயருக்கு இரண்டாந்தாரமாகப் போனவர். மூத்ததாரத்தின் மகள் மரீ. துருக்கியிலிருந்து ஹெல்முத் எழுதும் கடிதங்களை வீட்டில் வாசிக்கக் கேட்டே அந்தப் பிள்ளைக்கு அவர்மேல் விருப்பம் வந்தது என்று சொல்வார்கள். 1842இல் கல்யாணம் நடந்தபோது மரீக்குப் பதினாறு வயது, அவருக்கு நாற்பத்தொன்று. இன்றைக்கு அதை யாரும் ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. ஆனாலும் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் உண்மையான அன்பு தெரிகிறது.

பிள்ளைகள் இல்லை. 1866 வெற்றிக்குக் கிடைத்த பணத்தில் அடுத்த வருடம் அப்போது பிரசியாவில் இருந்த சிலேசியாவில் கிரைசாவ் என்ற பண்ணையை வாங்கினார்கள், அதில் சேர்ந்து வாழ ஒன்றரை வருடம்கூடக் கிடைக்கவில்லை. 1868 டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள், மரீ இறந்துபோனார். பண்ணைக் குன்றில் அவருக்கென்று சிறிய ஆலயம் ஒன்றைக் கட்டி அங்கே அடக்கம் செய்தார் மோல்ட்கே. விதவையாகிவிட்ட தங்கை அவுகுஸ்தே வந்து அண்ணருக்கு வீடு பார்த்தார், அவருடைய மகன் ஹென்றி மாமாவின் உதவி அதிகாரியாக இருந்தார். பண்ணை தம்பியின் பிள்ளைகளுக்குப் போனது.

போரால் எல்லாம் இழந்த சனம் நாங்கள். எங்களுக்கு ஏன் ஒரு இராணுவக்காரனின் புராணம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

கோபம் நியாயமானது அக்கா. நீங்கள் இருக்கிற ஊருக்கு அதைக் கேட்க முழு உரிமையும் உண்டு. மூத்த மோல்ட்கேயைக் கும்பிடச் சொல்லி நான் எழுதவில்லை. நிரந்தர சமாதானம் ஒரு கனவு, அழகான கனவுகூட இல்லை என்று 1880இல் எழுதியவர் அவர். அவருடைய படை 1870–71இல் பாரிஸை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த சனம் எலியையும் பிடித்துத் தின்றது. அவர் போட்ட கோடுகள் ஒவ்வொன்றின் கீழும் வீடுகள் இருந்தன. அதே மனிதர், சாவதற்கு முதல் வருடம், 1890 மே மாதம் பாராளுமன்றத்தில் எழுந்து, இனி ஐரோப்பாவில் போர் வந்தால் அது ஏழு வருடமும் போகலாம், முப்பது வருடமும் போகலாம், அந்த நெருப்பை மூட்டுகிறவனுக்குக் கேடு என்று எச்சரித்தார். கேட்டவர்கள் கேட்கவில்லை.

நான் இந்தக் குடும்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மூன்றாவது ஹெல்முத்துக்காக. 1939இல் ஹிட்லரின் படைத்துறையில் சர்வதேசச் சட்ட ஆலோசகராக இவரை எடுத்தார்கள். அந்த மேசையில் இருந்துகொண்டே, பணயக் கைதிகளைச் சுடக்கூடாது, போர்க் கைதிகளைக் கொல்லக்கூடாது என்று கடிதம் கடிதமாக எழுதினார். பூட்டனாரின் அண்ணர் வாங்கிய அதே கிரைசாவில் 1942இலும் 1943இலும் நண்பர்களை இரகசியமாகக் கூட்டி, நாசிகள் போன பிறகு நாட்டை எப்படி நீதியாக நடத்துவது என்று திட்டம் போட்டார். 1944 ஜனவரியில் பிடிபட்டார். 1945 ஜனவரி 23ஆம் திகதி பேர்லின் பிளொட்ஸன்ஸே சிறையில் தூக்கு. வயது முப்பத்தேழு, இரண்டு ஆண் பிள்ளைகள்.

அவர் மனைவி ஃப்ரேயாதான் அந்தக் குடும்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவர். கணவர் எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை, ஒன்று அகப்பட்டாலும் தனக்கும் கழுத்துக்கயிறுதான் என்று தெரிந்தும், கிரைசாவில் இருந்த தேனீப் பெட்டிகளுக்குள் மறைத்து வைத்தார். தேனீ மொய்க்கிற பெட்டிக்குள் எந்தப் பொலிஸ்காரன் கை விடுவான்? போர் முடிந்து சிலேசியா போலந்துக்குப் போனபோது கடிதங்களையும் பிள்ளைகளையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். பிறகு அவை புத்தகமாக வந்தன. 2010 வரை வாழ்ந்தார். காணாமல் போனவரின் படத்தையும் அடையாள அட்டையையும் எத்தனையோ இடப்பெயர்வுக்குள்ளும் காப்பாற்றி வைத்திருக்கிற உங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்கு இந்தப் பெண்ணைச் சொல்லவேண்டும் என்றுதான் அக்கா எழுதினேன்.

மூத்த மோல்ட்கேயின் குரல் பதிவு இருக்கிறது என்கிறார்களே, 1800இல் பிறந்தவரின் குரல் எப்படிக் கிடைக்கும்?
– வாசகர், ஓமந்தை

கிடைக்கிறது. 1889 ஒக்டோபரில் எடிசனின் ஆள் தியோ வாங்கமான் ஒலிப்பதிவுக் கருவியோடு கிரைசாவுக்குப் போய், எண்பத்தெட்டு வயதுக்காரரைப் பேசவைத்து மெழுகு உருளைகளில் பதிந்தார். ஜேர்மன் கவிஞர் கதேயின் நாடகத்திலிருந்தும் ஷேக்ஸ்பியரிடமிருந்தும் சில வரிகளைச் சொல்கிறார். நீண்ட காலம் யாருடைய குரல் என்றே தெரியாமல் கிடந்து 2012இல்தான் வெளியிட்டார்கள். 1800 என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருடம்; அந்த நூற்றாண்டில் பிறந்த ஒருவரின் குரலாக இன்று நமக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். இரைச்சல் அதிகம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.