4294967297 பகா எண்ணா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், கணக்குச் செயல்திட்டத்துக்கு 4294967297-ஐ எடுத்திருக்கிறாள். 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடவில்லை. பகா எண் என்று எழுதலாமா? வேறு எந்த வகைகளில் சேரும்? வீட்டில் இருப்பது எட்டு இலக்கக் கால்குலேட்டர்.

பதில்: பகா எண் என்று எழுத வேண்டாம், இது பகு எண். ஆனால் உங்கள் மகளுக்கு வந்தது நல்ல சந்தேகம். 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 என்று போட்டு, வரும் விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுக்கு 32 ஆகும்போது வருவதுதான் உங்கள் எண். அதுவும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

வர்க்கமூலம் வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் 65536 வரை போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன! ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது.

சரி, பத்து இலக்க எண்ணை எட்டு இலக்கக் கால்குலேட்டரில் எப்படி வகுப்பது? முழு எண்ணையும் தட்டவே வேண்டாம், மீதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும். 2-இன் 16-ஆம் அடுக்கு 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. இந்த 154-ஐ வர்க்கப்படுத்தினால் 23716. அதை மறுபடி 641-ஆல் வகுத்தால் மீதி 640. இதுதான் 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி. அதோடு 1 கூட்டுங்கள்: 641. அதாவது மீதியே இல்லை. இந்த நான்கு வரியையும் மகளே தன் கையால் செயல்திட்டத்தில் எழுதட்டும். இணையத்திலிருந்து விடையை எடுத்து ஒட்டுவதைவிட இதற்கு மதிப்பு அதிகம். அப்புறம் 193-க்கும் இதே மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். மீதி 109 வர வேண்டும்.

6700417-உம் பகா எண்தான். அதனால் மற்ற வகைகளைச் சொல்வது சுலபம். ஒற்றை எண், இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல், 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாதது. மொத்தக் காரணிகள் நான்கே. தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் 1 + 641 + 6700417 = 6701059. இது அந்த எண்ணைவிட மிகவும் சிறியது, ஆகவே குறைவெண்.

இடம் இருந்தால் இன்னொன்றையும் சேர்க்கலாம். இந்த எண் 65536-இன் வர்க்கமும் 1-இன் வர்க்கமும் சேர்ந்தது. 62264-இன் வர்க்கத்தையும் 20449-இன் வர்க்கத்தையும் கூட்டினாலும் இதே எண்தான் வரும். ஒரு பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுத முடியாது. 641 கையில் கிடைக்காவிட்டாலும், இது பகு எண் என்று சொல்ல இதுவே போதும்.