‘வரவில்லை’ என்கிறாள், இரண்டு நிமிடத்தில் நனைத்துவிடுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மூன்று வயதிலேயே இரவும் பகலும் ஜட்டியை நனைக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். இப்போது ஆறு மாதமாகப் பகலில் மட்டும் நனைக்கிறாள். ‘ஒன்றுக்கு வருகிறதா?’ என்று கேட்டால் ‘வரவில்லை’ என்கிறாள். இரண்டு நிமிடத்தில் உடை ஈரமாகிவிடுகிறது. விளையாட்டின் நடுவே திடீரென்று ஒரு காலை மடக்கிக் குதிகாலின் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். வீட்டில் எல்லோரும் சோம்பேறித்தனம் என்கிறார்கள். கோபத்தில் ஓரிரு முறை அடித்தும்விட்டேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரி, தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கொடுக்கும், மலமும் இறுகும். இந்தத் தொல்லைக்கு வேரே இறுகிய மலமாக இருக்குமோ என்பது என் சந்தேகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

‘வரவில்லை’ என்று அவள் சொல்வது பொய்யில்லை. 7 வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 240 மில்லி கொள்ளும். பை நிறையத் தொடங்கும்போதே மெல்லிய உணர்வு ஒன்று வரும். விளையாட்டு மும்முரத்திலோ, பள்ளிக் கழிப்பறை பிடிக்காமலோ அதை ஒதுக்கி ஒதுக்கிப் பழகிய குழந்தைக்கு, நாளடைவில் அது உறைப்பதே இல்லை. பை திடீரென்று சுருங்கும்போது எழும் அவசரம்தான் அவளுக்குத் தெரிகிற முதல் அறிகுறி. அதற்குள் காலம் கடந்திருக்கும். குதிகாலின் மேல் உட்காருவது, சிறுநீர் வெளியேறும் வழியை அழுத்தி அடைத்துக்கொள்ளத்தான். சோம்பேறி செய்கிற வேலையா அது? நனைக்காமல் இருக்க ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட உத்தி. அடித்தால் அவள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஈர ஜட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது.

சுமார் மூன்றரை வருடம் நனைக்காமல் இருந்த குழந்தை திரும்பவும் நனைக்கிறாள் என்பதால், இந்த வாரமே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். தொற்று இருக்கிறதா, சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய தாகம், எடை குறைவது, அடிக்கடி நிறையச் சிறுநீர் போவது ஆகியவை சேர்ந்திருந்தால் வாரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல், இடுப்பு வலி, முக்கி முக்கிப் போவது, எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருப்பது, நடையில் மாற்றம், முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது இவற்றையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் இவை எதுவும் இருக்காது.

இனி மலத்துக்கு வருவோம். மலக்குடல் சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நிரம்பிப் புடைத்தால் பையை நெருக்கும். பை முழுதாக நிரம்பவும் இடம் இருக்காது, முழுதாகக் காலியாகவும் முடியாது, நேரங்கெட்ட நேரத்தில் சுருங்கும். ‘தினமும்தான் போகிறாளே’ என்பீர்கள். தினமும் கொஞ்சமாகப் போய்விட்டு மீதியை உள்ளே வைத்திருக்கும் குழந்தைகள் ஏராளம். ஒரு வாரம் பாருங்கள்: புழுக்கை போலவோ, அவள் வயதுக்கு மிகப் பெரிதாகவோ போகிறாளா? ஜட்டியில் மலக்கறை இருக்கிறதா? இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மலத்தை இளக்கும் மருந்தை முதலில் தொடங்கச் சொல்லுங்கள். நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்துபோன குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். இங்கேதான் பல பெற்றோர் பொறுமை இழக்கிறார்கள். மலச்சிக்கலைக் கவனிக்காமல் சிறுநீர்ப்பைக்கு மட்டும் மருந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மருந்துகளில் சில மலச்சிக்கலையே கூட்டும்.

கூடவே கழிப்பறைப் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். ‘வருகிறதா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு, இரண்டரை மணிக்கொருமுறை கடிகாரத்தைப் பார்த்து அனுப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் கால் தொங்கக் கூடாது, பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி வையுங்கள். கால் தொங்கினால் அடிவயிறும் இடுப்பும் தளராது, பை முழுதாகக் காலியாகாமல் சிறுநீர் பாதியிலேயே நின்றுவிடும். ஜட்டியைக் கணுக்கால்வரை இறக்கி, தொடைகளை அகற்றி உட்காரச் சொல்லுங்கள். பெண் குழந்தைகள் தொடையை ஒட்டிக்கொண்டு போனால் சிறுநீர் பிறப்புறுப்புக்குள் தேங்கி, எழுந்து நடந்ததும் சொட்டும். இதையே கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. போய் முடித்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, இன்னொரு முறை முயலட்டும்.

வகுப்பு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். கை தூக்கிக் கேட்காமலே எழுந்து போக அனுமதி, பையில் ஒரு மாற்று உடை – இவ்வளவு போதும், வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. தண்ணீரைக் காலையிலிருந்தே பிரித்துக் குடிக்கட்டும். பள்ளியில் ஒரு வாய்கூடக் குடிக்காமல், வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டிலைக் காலி செய்வது சரியில்லை. காபி, டீ, கோலா வேண்டாம்.

பாராட்டு கொடுங்கள். ஆனால் நேரத்துக்குக் கழிப்பறைக்குப் போனதற்குக் கொடுங்கள், நனைக்காமல் இருந்ததற்கு அல்ல. போவது அவள் கையில் இருக்கிறது, நனைக்காமல் இருப்பது இப்போதைக்கு அவள் கையில் இல்லை.

இன்னொன்று. ஆறு மாதத்துக்கு முன் என்ன மாறியது? புதுப் பள்ளியா, தம்பி தங்கை பிறந்தார்களா, வீட்டில் சண்டையா, கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையா, யாராவது கேலி செய்தார்களா? குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ கண்டு பயப்படுகிறாளா என்பதையும், விசாரணை போல் இல்லாமல், படுக்கப் போகும்முன் மெதுவாகக் கேளுங்கள். அப்படி ஏதேனும் தெரிந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

மருத்துவரிடம் போகும்முன் இரண்டு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தாள், எப்போது போனாள், எவ்வளவு போனாள் (பழைய அளவுக்கோப்பை ஒன்றில் பிடித்துப் பார்க்கலாம்), எப்போது நனைத்தாள். பல ஸ்கேன்கள் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால், குழந்தைகள் சிறுநீரகவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள்.