ஏனோக்கின் புத்தகம் மறைக்கப்பட்டதா?

அன்புள்ள ஐயா,

ஏனோக்கு எழுதிய புத்தகத்தைத் திருச்சபை மறைத்துவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். புதிய ஏற்பாட்டிலுள்ள யூதா நிருபமே அதை எடுத்துச் சொல்லும்போது நம் வேதாகமத்தில் அது ஏன் இல்லை? குர்ஆனில் வரும் இத்ரீஸ் நபி ஏனோக்குதான் என்கிறார் என் முஸ்லிம் நண்பர். சரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஆதாம் 930 வருஷம், சேத் 912, யாரேத் 962. ஒவ்வொருவர் கணக்கும் ‘மரித்தான்’ என்று முடியும். ஏனோக்கிடம் மட்டும் அந்தச் சொல் இல்லை. தேவனோடு சஞ்சரித்தான், ‘காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்.’ அவ்வளவுதான். எங்கே போனார், அங்கே என்ன கண்டார் என்று மனிதர்கள் கேட்காமல் இருப்பார்களா? அந்தக் கேள்வியில் முளைத்ததுதான் ஏனோக்கின் புத்தகம். கீழே இறங்கிவந்து பெண்களை மணந்த தூதர்கள், சூரியனும் சந்திரனும் வந்துபோகும் வாசல்கள், 364 நாள் கொண்ட ஆண்டு என்று விரிகிறது. அவர் கையால் எழுதியதல்ல. கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் பலர் எழுதிச் சேர்த்தது. சாக்கடல் அருகே உள்ள கும்ரான் குகையில் அதன் அரமேயத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

மறைத்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளிப்படையாகவே வாதாடினார்கள். ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதற்காகப் பரிந்து பேசினார். இவ்வளவு பழையதை எப்படி நம்புவது என்று அவருக்குப் பின்வந்த ஆயர் அகுஸ்தீன் ஒதுக்கினார். மேற்கே நாளடைவில் அதைப் படியெடுப்பாரில்லை. ஆனால் எத்தியோப்பியாவில் கீஸ் என்னும் அந்நாட்டுப் பழைய மொழியில் கைவிடாமல் எழுதி வைத்தார்கள். அந்த ஆர்த்தடாக்ஸ் சபைக்கு இன்றைக்கும் அது வேதம். ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773-ல் அங்கிருந்து பிரதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் ஐரோப்பா முழுதாக வாசித்தது. ஐரோப்பா தொலைத்ததை உலகமே தொலைத்ததாகச் சொன்னால், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த அந்தத் துறவிகள் எங்கே போவார்கள்? எனக்கு அதில்தான் வருத்தம்.

உங்கள் நண்பர் சொல்வது இஸ்லாமிய விரிவுரையாளர்கள் பலர் கொண்ட கருத்து. குர்ஆன் 19:57 இத்ரீஸை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தியதாகச் சொல்கிறது. அவரும் ஏனோக்கும் ஒருவரே என்று குர்ஆன் சொல்லவில்லை.

அப்புறம், யூத உரையாசிரியர் ராஷி சொன்னதையும் கேளுங்கள். ஏனோக்கு நல்லவர், ஆனால் மனம் எளிதில் தடுமாறக்கூடியவர்; கெட்டுப்போகுமுன் கடவுள் சீக்கிரமே எடுத்துக்கொண்டார் என்கிறார் அவர். மகன் மெத்தூசலா 969 வருஷம் இருந்த வீட்டில், அப்பாவுக்கு வாய்த்தது 365.