யானைக்கன்றா, யானைக்குட்டியா?

கேள்வி: தெப்பக்காடு யானைகள் முகாமுக்குச் சென்று வந்த என் மகள், ‘யானைக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தார்கள்’ என்று பள்ளிக் கட்டுரையில் எழுதினாள். ஆசிரியர் அதை ‘யானைக்கன்று’ என்று திருத்தி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். செய்தித்தாள்கள் குட்டி என்றுதானே எழுதுகின்றன?
– வாசகி, கோத்தகிரி

பதில்: திருத்தம் சரியானது, மதிப்பெண்ணைக் குறைத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதைக் கூறி, எது எவ்வுயிருக்கு உரியது என்றும் வகுக்கிறது. யானை, குதிரை, கழுதை, கடமை என்னும் காட்டு விலங்கு, பசு ஆகிய ஐந்துக்கும் கன்று உரியது. எருமைக்கும் மரை என்னும் காட்டு விலங்குக்கும் அப்பெயரை அது விலக்கவில்லை. யானைக்குக் குழவி என்னும் பெயரும் உண்டு. புலிக்குக் குருளை, குட்டி, பறழ் ஆகிய மூன்றும் பொருந்தும் என்பதால், முதுமலையில் புலிக்குட்டி தென்பட்டது என்று எழுதும் செய்தியாளர் மரபை மீறவில்லை.

யானைக்குக் கன்று என்பதையே எழுதுங்கள் என்று நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் மலையில் இன்றும் நாவில் புழங்கும் சொல். எருமையின் இளசையும், தேயிலைத் தோட்டத்தில் தாயை ஒட்டி நிற்கும் காட்டெருமையின் இளசையும் கன்று என்றே சொல்லும்போது, யானையை மட்டும் ஏன் விலக்க வேண்டும்? மறியின் நிலை வேறு. ஆட்டின் இளமைக்கு மரபியல் தந்த அப்பெயர், இளமைப் பொருளை இழந்து, இன்று ‘செம்மறி’ என்ற சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டது. முக்குருத்தியில் பாறை விளிம்பில் தாயின் பின்னே தாவி ஓடுவதை ‘வரையாட்டு மறி’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். அங்கே குட்டி என்றே நானும் எழுதுவேன்.

உங்கள் மகளிடம் முகாமில் கண்டதை நினைவுபடுத்திக் கேளுங்கள். தும்பிக்கை இன்னும் முழுதாக வசப்படாத வயதில், அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வாயால்தான் அது பாலை உறிஞ்சியிருக்கும். பசுவின் மடியை முட்டி முட்டிப் பால் குடிக்கும் கன்றைப் பார்த்த பிள்ளைக்கு, இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்தது இயல்பாகவே தோன்றும்.

கேள்வி: தேயிலை நாற்றா, தேயிலைக் கன்றா?
– வாசகர், குன்னூர்

பதில்: இரண்டும் சரியே. பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை ஓரறிவுயிரான தாவரத்துக்கு ஏற்கும் மரபியல், நெல்லுக்கும் புல்லுக்கும் அவற்றை மறுக்கிறது. தென்னம்பிள்ளை, வாழைக்கன்று என்று சொல்லும் நாம், கூடலூர் வயலில் நிற்பதை இன்றும் நெல் நாற்று என்கிறோமே தவிர, நெற்கன்று என்பதில்லை. தேயிலையோ கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டாமல் விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். ஆகவே கன்று பொருந்தும். வேறிடத்தில் நடுவதற்காக நர்சரியில் பாலித்தீன் பைகளில் வளர்ப்பதால் நாற்று என்பதும் பொருந்தும். ஆனால் செடியில் பறிக்கும் இளந்துளிருக்கு மலையில் இந்தக் குழப்பமே இல்லை. அது எல்லோருக்கும் கொழுந்துதான்.