அமெரிக்கப் பண்ணைகளுக்குத் தரப்படும் அவசரகால நிலப் பாதுகாப்பு மானியம் என்றால் என்ன?

வெள்ளம், சூறாவளி, காட்டுத்தீ போன்ற பேரிடரால் சேதமடைந்த விளைநிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவில் ஒரு பகுதியை அமெரிக்க வேளாண் துறை ஏற்றுக்கொள்வதே இந்த மானியம். 1978ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டம் இதற்கு அடிப்படை. வெள்ளம் வயலில் கொண்டுவந்து கொட்டிய மணலை அள்ளுவது, மரம் விழுந்து அறுந்த முள்கம்பி வேலியை மீண்டும் கட்டுவது, கடும் வறட்சியில் கால்நடைகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லக் குழாய் பதிப்பது போன்ற பணிகள் இதில் அடங்கும். பொதுவாகச் செலவில் 75 விழுக்காடு வரை அரசு தரும். வசதி குறைந்த விவசாயிகளுக்கு அது 90 வரை உயரலாம்.

ஒரு பருவத்து விளைச்சல் போனால் அடுத்த பருவத்தில் மீளலாம். நிலமே பாழானால் அந்த வட்டாரத்தின் உணவு உற்பத்தியே பல ஆண்டுகள் முடங்கும் என்பதால்தான் பொதுப்பணம் இதற்குச் செலவிடப்படுகிறது, அது நியாயமும்கூட. கொட்டிப்போன சோற்றுக்கு ஈடு தருவது பயிர்க் காப்பீடு என்றால், இடிந்த அடுப்பைத் திரும்பக் கட்ட உதவுவது இந்த மானியம்.

வேலையை முடித்துவிட்டு ரசீதைக் காட்டினால் பணம் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, சேதத்தை அதிகாரிகள் பார்வையிட்டு ஒப்புதல் அளிப்பதற்கு முன்பே பணியைத் தொடங்கினால் மானியம் கைநழுவிப் போகக்கூடும்.