சஜஷன் போட்டா டைப்பிங் வேகமாகுமா?

கே: சார், தம்பிக்கு பைக் ஆக்சிடென்ட்ல கழுத்துல அடிபட்டு 3 வருஷமாச்சு. கை விரல் அசையாது, வாயில குச்சிய கவ்விக்கிட்டுதான் லேப்டாப்ல டைப் பண்றான். அடுத்த வார்த்தைய அதுவே காட்டுமே, அந்த சஜஷன ஆன் பண்ணிக் குடுத்தோம். ரெண்டே நாள்ல "இதத் தூக்குங்க, முன்னாடியே வேகமா அடிச்சேன்"னு எரிஞ்சு விழுறான். பழகாததுனாலயா?
– ஒரு அக்கா, திண்டுக்கல்

ப: பழக்கமும் ஒரு காரணம்தாம்மா, ஆனா தம்பி சொல்றது பொய்யில்ல. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கோஸ்டர், லெவைன்னு ரெண்டு பேர் இதையே சோதிச்சுப் பாத்து 1996ல எழுதியிருக்காங்க. கழுத்து தண்டுவடத்துல அடிபட்ட 6 பேரும், உடம்பு நல்லா இருக்குற 8 பேரும் டைப் பண்ணாங்க, அந்த 8 பேருக்கும் வாயில குச்சி. அடிபட்டவங்களுக்கு சஜஷனால வேகம் குறைஞ்சே போச்சு! மத்தவங்களுக்கு கொஞ்சூண்டு கூடுச்சு, அவ்வளவுதான்.

காரணம் சிம்பிள். தட்டுறது குறையுது, பாக்குறது கூடுது. ஒரு தட்டுக்கு 1 செகண்ட், தலைய நிமித்தி லிஸ்ட்ட ஒரு தடவ படிக்க 1 செகண்ட்னு வச்சுக்கோங்க. 6 எழுத்து வார்த்தை, ஸ்பேஸோட 7 தட்டு, 7 செகண்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் லிஸ்ட்டப் பாத்து, 2ஆவது எழுத்துலயே வார்த்தை வந்துட்டா 2 தட்டு, 2 பார்வை, வார்த்தைய எடுக்க 1 தட்டுன்னு 5 செகண்ட்ல முடிஞ்சுது. 3ஆவதுல வந்தா அதே 7தான், அதுக்கப்புறம் வந்தாலோ வரவே இல்லன்னாலோ நஷ்டம். நான் ஒருநாள் பென்சில வாயில கவ்விக்கிட்டு முயற்சி பண்ணேன், கீபோர்டுக்கும் ஸ்க்ரீனுக்கும் தலை ஆடி ஆடி 10 நிமிஷத்துல கழுத்து புடிச்சுக்கிச்சு, எச்சில் வேற ஒழுகி பேன்ட்டெல்லாம் ஈரம்.

அப்ப உடம்பு முடங்கி வீல்சேர்ல இருந்த விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு மட்டும் எப்படி உதவுச்சுன்னு கேப்பீங்க. அவருக்கு கன்னத்து அசைவு ஒண்ணுதான் ஸ்விட்ச். கர்சர் எழுத்து எழுத்தா நகரும், வேணுங்குற எழுத்துக்கு வந்ததும் கன்னத்த அசைக்கணும், அதுவரைக்கும் காத்துக்கிட்டுதான் இருக்கணும். சும்மா இருக்குற அந்த நேரத்துல லிஸ்ட்ட படிச்சா செலவே இல்ல, மிச்சமாகுற ஒவ்வொரு எழுத்தும் லாபம். 2014ல இன்டெல் குடுத்த புது சிஸ்டத்துல ஸ்விஃப்ட்கீ கம்பெனியோட சஜஷன் இருந்துச்சு, அவரோட எழுத்தையே படிச்சுப் பழகினது, 'பிளாக்'னு எடுத்தா 'ஹோல்' தானா வந்து நிக்கும். டைப்பிங் வேகம் இரட்டிப்பாச்சுன்னு சொன்னாங்க.

தமிழ்ல இன்னொரு தொல்லை, நம்ம வார்த்தைக்கு வால் நீளம். 'வீட்டு' வரைக்கும் அடிச்சா 'வீட்டில்', 'வீட்டுக்கு' வரும், நமக்கு வேண்டியது 'வீட்டுக்குத்தான்'. தப்பா எடுத்துட்டா அழிக்கணும், அதுக்கும் தட்டுதான். தம்பி 'வந்துட்டிருக்கேன்'னு எழுதுவான், அது 'வந்துகொண்டிருக்கிறேன்'னு உபதேசம் பண்ணும்.

அதனால சஜஷன அடியோட தூக்காம, நீள வார்த்தைக்கு மட்டும், அதுவும் 3 எழுத்து அடிச்சப்புறம் பாக்கச் சொல்லுங்க. அடிக்கடி எழுதுற பேரு, அட்ரஸ், "சாப்பிட்டாச்சா" மாதிரி வரிகள ரெண்டு எழுத்து ஷார்ட்கட்டா போட்டு வைங்க, இதுக்கு லிஸ்ட்ட பாக்கவே வேணாம், எனக்கு இதுதான் சஜஷனவிட ஒசத்தி. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறான்னா தமிழ்99ங்குற தமிழ் கீபோர்டு முறைக்கு மாத்திப் பாருங்க, 'வணக்கம்' அங்க 8 தட்டு, இங்க 6தான். விண்டோஸ்னா ஷிஃப்ட்ட 5 தடவ தட்டினா ஸ்டிக்கி கீஸ் வரும், ரெண்டு கீய சேத்து அமுக்க வேண்டியதில்ல. அப்புறம் ஒரு ரெண்டு வாரம் குடுங்க, வேகத்த மட்டும் கேக்காம சாயங்காலம் கழுத்து வலி எப்படி இருக்குன்னும் கேளுங்க. வேகம் அதேதான் இருந்தாலும் வலி குறைஞ்சா அவனே விட மாட்டான்.

கே: இவ்ளோ பாடு எதுக்கு, வாயால பேசி டைப் பண்ணிட்டுப் போலாமே?
– சேலம் வாசகர்

ப: பேச்சு தெளிவா இருந்தா பேஷா பண்ணலாம். ஹாக்கிங்குக்கு 1985லயே பேச்சு போயிடுச்சு, பெருமூளை வாதம் இருக்குற பல பேரோட உச்சரிப்பு மெஷினுக்குப் புரியாது. அதெல்லாம் விடுங்க, ஹால்ல அம்மா சீரியல் பாத்துட்டிருக்கும்போது காதலிக்கு என்னன்னு சத்தமா சொல்லி டைப் பண்றது?